கிணற்றிலிருந்து தாயத்துக்கு: நிலக்கீழ்நீர்க் கணிப்பும் பல்வலை முறையும்

(பொரளையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மிகப் பெரிய ஒருங்கமை சமன்பாட்டுத் தொகுதிகளைக் கணினி எப்படித் தீர்க்கிறது என்பதுதான் இன்றைய பொருள். சாதாரண தரத்தில் இரண்டு தெரியாக்கணியங்களுக்கு இரண்டு சமன்பாடுகளை எழுதித் தீர்த்திருக்கிறோம். அதையே நாற்பது இலட்சம் தெரியாக்கணியங்களுக்குச் செய்ய வேண்டி வந்தால் என்ன ஆகும்? வெறும் சமன்பாடுகளாக இதைப் பேச நான் விரும்பவில்லை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருக்கும் உங்களில் பலருக்கு வடக்கே ஒரு வளவும் அதில் ஒரு கிணறும் இருக்கும். அந்தக் கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஆறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. கடல்நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது; ஆகவே அது உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கைபன், ஹெர்ட்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரில் வழங்கும் விதிப்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவது, அந்தக் கல்லுக்குள் நீர் தன் வழியைக் குடைந்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு நதி' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடலிலிருந்து அடைத்து நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுசெல்வது அதன் மையக் கருத்து. எழுபது ஆண்டுகளாக இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நீரேரி நன்னீரானால் புத்தூரிலும் சாவகச்சேரியிலும் கிணற்று மட்டம் எத்தனை சென்ரிமீற்றர் உயரும்? உவர்நீர் எவ்வளவு கீழே இறங்கும்? இவற்றை எண்களாகச் சொல்ல வேண்டுமானால் ஒரு தாயத்தை, அதாவது சமன்பாடுகளின் எண்களை நிரை நிரலாக அடுக்கிய அட்டவணையை, அமைத்துத் தீர்க்கத்தான் வேண்டும்.

அது எப்படி என்று பார்ப்போம். குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். அதை 50 மீற்றர் சதுரங்களாகப் பிரித்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 400 கட்டங்கள். மொத்தம் 4 இலட்சம். ஆழவாக்கில் 3 மீற்றர் தடிப்பில் பத்து அடுக்குகள் வைத்தால் 40 இலட்சம் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் நீர்மட்டம் ஒரு தெரியாக்கணியம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கணக்கு எழுதுகிறோம்: சுற்றியுள்ள ஆறு பெட்டிகளிலிருந்து வருவது, மழையாக இறங்குவது, பம்பால் இறைப்பது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், உள்ளே சேர்ந்த அளவு கிடைக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு நீர் பாயும் என்பதை 1856இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் டார்சி தந்த விதி சொல்கிறது. மட்டங்களின் வித்தியாசத்தை, இடையிலுள்ள கல்லின் ஊடுபுகவிடும் இயல்பாலும் பெட்டிகள் தொடும் முகத்தின் பரப்பாலும் பெருக்கி, இடைத்தூரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் இயற்பியல்.

ஆக, ஒவ்வொரு பெட்டியின் கணக்கும் தாயத்தில் ஒரு நிரை; ஒவ்வொரு நிரையிலும் ஏழே எண்கள்: தன்னுடையது ஒன்று, அயலவருடையவை ஆறு. மற்ற இடமெல்லாம் பூச்சியம். முழுத் தாயத்தையும் பூச்சியங்களோடு சேர்த்துச் சேமித்தால் 128 டெராபைற் தேவை. பூச்சியமல்லாத எண்களையும், அவை நிற்கும் நிரல் எண்களையும், ஒவ்வொரு நிரையும் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பையும் மட்டும் வைத்தால் ஏறத்தாழ 350 மெகாபைற் போதும். உங்கள் கைப்பேசியின் நினைவகத்திலேயே அடங்கிவிடும். தீர்வு காணும் மென்பொருள்களில் பெரும்பாலானவை (இனிமேல் அவற்றைச் சுருக்கமாகத் தீர்வி என்கிறேன்) இந்தச் சேமிப்பு முறையில்தான் நிற்கின்றன.

இங்கேயே முதல் இடறல் வருகிறது. ஒரு நிரையில் எத்தனை எண்கள் வரும் என்பதை மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் ஒவ்வொன்றாகச் செருகினால், இடம் போதாத ஒவ்வொரு முறையும் அது புதிய இடம் தேடிப் பழையதையெல்லாம் நகர்த்த வேண்டும். சமன்பாட்டைத் தீர்ப்பதைவிடத் தாயத்தை நிரப்புவதற்கே அதிக நேரம் போய்விடும். ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் 1991இல் தொடங்கிய பெட்சி என்ற மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். அண்மைக் காலப் பதிப்புகளில் அதன் கடுமை தணிந்திருக்கிறது. ஆனாலும் ஏழு என்று நமக்குத் தெரிந்திருக்கையில் அதைச் சொல்லாமல் விட ஒரு காரணமும் இல்லை.

சரி, தாயம் தயார். எப்படித் தீர்ப்பது? பள்ளியில் படித்தபடி ஒவ்வொரு தெரியாக்கணியமாக நீக்கிக்கொண்டு போகலாம். நீக்க நீக்க, பூச்சியமாக இருந்த இடங்களில் எண்கள் முளைக்கும். முப்பரிமாணத்தில் இது வெகு விரைவில் நினைவகத்தை விழுங்கிவிடும். இன்னொரு வழி, ஒரு ஊகத்தில் தொடங்கி, ஒவ்வொரு பெட்டியையும் அதன் அயலவர்களுக்குப் பொருந்தும்படி திருத்திக்கொண்டே போவது. கௌஸ் 1823இல் தன் மாணவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இப்படியொரு முறையை விவரித்தார். 1910இல் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் அஸ்வான் அணையின் கல்கட்டில் எழும் தகைப்புகளை இவ்வாறே கணித்தார். கணக்குப் போட்ட பையன்களுக்கு இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி கொடுத்தார். எண்முறை வானிலைக் கணிப்புக்கு அடித்தளமிட்டவரும் அவர்தான். இங்கிருந்து பௌத்தாலோக்க மாவத்தை வழியே சென்றால் வளிமண்டலவியல் திணைக்களம் வரும். உலகெங்கும் இத்தகைய நிலையங்கள் நம்பியிருக்கும் வானிலை மாதிரிகள் பலவற்றின் உள்ளேயும், ஒவ்வொரு நேரப்படியிலும் இதே வகைச் சமன்பாட்டுத் தொகுதி ஒன்று தீர்க்கப்படுகிறது.

கௌஸின் முறையில் ஒரு குறை உண்டு. இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே நிற்கிறது. 1,000 க்கு 1,000 கட்டங்கள் உள்ள ஒரு சதுரத்தை எடுங்கள். வழுவைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க அந்த முறைக்கு ஏறத்தாழ 14 இலட்சம் சுற்றுகள் வேண்டும். 1952இல் ஹெஸ்ரெனஸும் ஸ்ரீஃபலும் வெளியிட்ட இணைச் சரிவு முறைக்குச் சில ஆயிரம் சுற்றுகள். பல்வலை முறைக்கு, அதாவது மல்டிகிரிட்டுக்கு, பத்துச் சுற்றுகள் அளவில் போதும். கட்டத்தை இன்னும் நுணுக்கினாலும் பத்து பத்தாகவே இருக்கும். கணிதத்தில் இவ்வளவு பெரிய இலாபம் அடிக்கடி கிடைப்பதில்லை.

காரணம் இதுதான். அயலவரோடு பொருத்தித் திருத்தும் முறை, பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்கும் வழுவை இரண்டு மூன்று சுற்றுகளிலேயே அழித்துவிடும். குடாநாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை மெல்லச் சரிந்து கிடக்கும் வழுவை அதனால் தொடவே முடியாது; ஏனென்றால் எந்தப் பெட்டியிலிருந்து பார்த்தாலும் அயலவர்கள் ஏறக்குறையப் பொருத்தமாகவே தெரிவார்கள். வயலில் மண்வெட்டியோடு நிற்பவர் காலடியில் உள்ள கட்டிகளை உடைத்து மட்டமாக்கிவிடுவார். வயல் முழுவதும் ஒரு பக்கம் சரிந்திருப்பதை மண்வெட்டியால் நேராக்க முடியாது, நீளமான பரம்பு வேண்டும். பல்வலை முறையில் பரம்பின் வேலையைச் செய்வது பெருங்கட்ட வலை. நுண்கட்டத்தில் சில சுற்றுகள் திருத்திய பின் எஞ்சும் வழு மெதுவாக மாறுவது. அதை இரட்டிப்பு அகலமான கட்டத்தில் எழுதினாலும் உருவம் கெடாது. அந்தப் பெரிய கட்டத்தில் பார்த்தால் அதே வழு முன்பைவிட வேகமாக ஏறி இறங்குவதாகத் தெரியும். அங்கே மறுபடி திருத்தலாம். இப்படி ஒரு சில பெட்டிகளே மிஞ்சும்வரை இறங்கி, திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டு மேலேறி வருகிறோம். இரு பரிமாணத்தில் ஒவ்வொரு படியிலும் வேலை காற்பங்காகக் குறைவதால், எல்லாப் படிகளையும் கூட்டினாலும் முதற்படியின் வேலையைவிட மூன்றிலொரு பங்குதான் அதிகம்.

சோவியத் ஒன்றியத்தில் பெதரென்கோ 1960களின் தொடக்கத்தில் இதை எழுதினார். 1966இல் பாக்வலோவ் அதைப் பொதுமைப்படுத்தினார். இஸ்ரேலில் ஆக்கி பிராண்ட் 1977இல் வெளியிட்ட நீண்ட கட்டுரைக்குப் பிறகே உலகம் இதைக் கையில் எடுத்தது. 1980களில் பிராண்ட், மக்கோர்மிக், ரூஜ் ஆகியோரும், பிறகு ஸ்ரூபெனும் அடுத்த பாய்ச்சலைச் செய்தார்கள்: வலையே தெரியாவிட்டாலும், தாயத்தில் உள்ள எண்களைப் பார்த்தே எந்தப் பெட்டியை எதனோடு சேர்ப்பது என்று மென்பொருள் தானே முடிவு செய்யட்டும் என்றார்கள். இதுவே இயற்கணிதப் பல்வலை. பெட்சி, லிவர்மோர் ஆய்வுகூடத்தின் ஹைப்ரே, சாண்டியாவின் டிரிலினோஸ் ஆகிய மூன்றிலும் இது உண்டு. மூன்றும் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். இயற்கணிதப் பல்வலை தானே எல்லாவற்றையும் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நம்பிப் பலர் தாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். தீர்வு வரவில்லை என்றால் வேறு தீர்வி தேடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு தீர்வியில் இராது. நிலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒன்றை நாம் அதற்குச் சொல்லாமல் விட்டிருப்போம்.

முதலில் எல்லை. நீரேரியின் கரையில் நீர்மட்டம் இவ்வளவு என்று தெரியும். அந்தப் பெட்டியின் நிரையை அழித்து, மூலைவிட்டத்தில் 1 எழுதி, வலப்பக்கத்தில் தெரிந்த மட்டத்தை எழுதுவது வழக்கம். கணிதப்படி சரியே. ஆனால் அயல் பெட்டிகளின் நிரைகளில் இந்தப் பெட்டிக்கான எண் அப்படியே இருப்பதால் தாயம் சமச்சீரை இழக்கிறது. இணைச் சரிவு முறை சமச்சீரை நம்பியே கட்டப்பட்டது. இப்போது அது தடுமாறும். தெரிந்த மட்டத்தை அயல் நிரைகளின் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு அந்த நிரலையும் பூச்சியமாக்கினால் சிக்கல் தீர்ந்தது. மூலைவிட்டத்தில் எழுதும் எண்ணும் மற்ற நிரைகளின் எண்களோடு ஒத்த அளவில் இருக்கட்டும். மற்ற எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கையில் இங்கே 1 நின்றால், பெருங்கட்டம் அமைக்கும் சில முறைகள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும். ஆறுமுகத்தின் திட்டத்தைக் கணக்கில் சோதிப்பது என்றால் நடைமுறையில் மாறுபவை இந்த எல்லை நிரைகளே. அவற்றைச் சிதைத்துவிட்டு விடை கேட்பதில் பயனில்லை.

அடுத்தது, எல்லையில் எங்குமே மட்டம் தராத கணக்கு. கரையெங்கும் இவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று மட்டும் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையான ஓட்டத்தில் இதற்கு ஒரே விடை கிடையாது. எல்லா மட்டங்களையும் ஒரு மீற்றர் உயர்த்தினாலும் சமன்பாடுகள் பொருந்தும். தாயத்தின் ஒவ்வொரு நிரையிலும் கூட்டுத்தொகை பூச்சியம். நுண்கட்டத்தில் இது ஒளிந்திருக்கும். கடைசிப் பெருங்கட்டத்தில் நேரடியாக நீக்கித் தீர்க்கும்போது பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து கணிப்பு நின்றுவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடினால் எதுவும் மாறாது என்பதைத் தீர்விக்கு ஒரு காவியாகக் கொடுத்துவிட்டால், அது ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பகுதியைக் கழித்துக்கொள்ளும். அணைச்சுவர், பாலம் போன்ற மீள்சக்திக் கணக்குகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். திண்மப்பொருள் ஒன்று உருமாறாமலே முப்பரிமாணத்தில் ஆறு விதமாக நகர முடியும்: மூன்று பெயர்ச்சி, மூன்று சுழற்சி. அந்த ஆறையும் சொல்லாமல் விட்டால், திரட்டிச் சேர்க்கும் வகைப் பல்வலை பெருங்கட்டத்தில் சுழற்சியைச் சரியாக எழுத இயலாமல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது நம்முடைய நிலத்துக்கே உரியது. பெட்டியின் அகலம் 50 மீற்றர், தடிப்பு 3 மீற்றர் என்றேன். கல்லின் இயல்பு எல்லாத் திசையிலும் ஒன்றே என்று வைத்தாலும், மேல்கீழ் அயலவரோடு உள்ள பிணைப்பு பக்கத்து அயலவரோடு உள்ளதைவிட ஏறத்தாழ 278 மடங்கு வலியது. 50ஐ 3ஆல் வகுத்து வர்க்கித்துப் பாருங்கள். பெட்டி பெட்டியாகத் திருத்தினால் வழு ஆழவாக்கில் மட்டுமே சீராகும். கிடைவாக்கில் கரடுமுரடாகவே நிற்கும். அப்படியிருக்க எல்லாத் திசையிலும் கட்டத்தை இரட்டிப்பாக்கினால் பெருங்கட்டத்தால் அந்த வழுவைப் பிடிக்க முடியாது. ஆழவாக்கில் மட்டும் கட்டங்களைச் சேர்க்கலாம். அல்லது பத்து அடுக்குகளையும் ஒரு தூணாகக் கொண்டு ஒரே வீச்சில் தீர்க்கலாம். இயற்கணிதப் பல்வலை வலிய பிணைப்பு எது, மெலியது எது என்று தானே பிரிக்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை எண்ணை நாம் தர வேண்டும். ஹைப்ரேயில் அந்த எண் வழமையாக 0.25, முப்பரிமாணக் கணக்குகளுக்கு 0.5 என்று அதன் ஆசிரியர்களே பரிந்துரைக்கிறார்கள். இந்த ஓர் எண்ணை மாற்றாமல் பல்வலை பயனற்றது என்று முடிவு கட்டுவது அநியாயம்.

சுண்ணாம்புக்கல்லின் குகைகள் இதைவிடக் கடினமானவை. நீர் குடைந்த குழாய் போன்ற வழிக்கும் அருகில் உள்ள இறுகிய கல்லுக்கும் ஊடுபுகவிடும் இயல்பு பல ஆயிரம் மடங்கு வேறுபடலாம். வடிவத்தை மட்டும் பார்த்துக் கட்டங்களைச் சேர்க்கும் பழைய பல்வலை, குகையையும் கல்லையும் சராசரியாக்கிவிடும். பெருங்கட்டத் தாயத்தைப் புதிதாக எழுதாமல், நுண்கட்டத் தாயத்தையே இருபக்கமும் பெருக்கிச் சுருக்கிப் பெற வேண்டும். அப்போதுதான் குகையின் நினைவு கீழ்ப்படிகளிலும் தங்கும்.

பல்வலையைத் தனியே ஓட்டாமல், இணைச் சரிவு முறைக்கு முன்னே நின்று தாயத்தைப் பதப்படுத்தும் முன்சீராக்கியாக வைப்பதே என் பரிந்துரை. பல்வலை கிட்டத்தட்ட எல்லா வழுவையும் அழித்துவிட்டு, பிடிகொடுக்காத இரண்டு மூன்று வடிவங்களை மட்டும் விட்டுவைக்கும். அந்தச் சிலதைப் பொறுக்கி எடுப்பதில் இணைச் சரிவு முறை கெட்டிக்காரர். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இறங்கும்போது முன்னிருந்து பின்னாகத் திருத்தினால், ஏறும்போது பின்னிருந்து முன்னாகத் திருத்த வேண்டும். இல்லையேல் முன்சீராக்கியும் சமச்சீரை இழக்கும்.

நிலக்கீழ்நீர்த் துறையில் இந்த வரலாறு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. அமெரிக்க நிலவியல் அளவைத் திணைக்களம் 1984இல் மொட்ஃபுளோ என்ற மென்பொருளை வெளியிட்டது. அதில் முன்சீராக்கிய இணைச் சரிவுத் தீர்வி 1990இல் வந்தது. இயற்கணிதப் பல்வலையை மெஹ்லும் ஹில்லும் 2001இல் இணைத்தார்கள். வடிவியல் பல்வலையை வில்சனும் நாஃபும் 2004இல் சேர்த்தார்கள். மொட்ஃபுளோவை எங்கள் மாணவர்கள் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம்.

பல்வலையின் அடிப்படியில், சில நூறு பெட்டிகளே எஞ்சும்போது, வேலை மறுபடியும் நேரடி நீக்கலிடம்தான் வருகிறது. அந்த நேரடித் தீர்விகளில் உலகெங்கும் புழங்கும் சோல்மொட் பற்றி 2008இல் வெளிவந்த கட்டுரையின் நால்வரில் ஒருவர் சிவசங்கரன் இராஜமாணிக்கம். சென்னை ஐஐடியில் சிவராம் அம்பிகாசரன், அடர்ந்த தாயங்களைப் படிநிலைகளாகப் பிரித்து வேகமாகத் தீர்க்கும் முறைகளில் உழைக்கிறார். இங்கே கொழும்பிலும், கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆய்வு செய்து திரும்பிய சி. ஜே. எலியேசர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். இந்தத் துறை எமக்கு எட்டாதது என்று எந்த மாணவரும் எண்ண வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று: எப்போது நிறுத்துவது? மீதி, அதாவது சமன்பாட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே எஞ்சும் வித்தியாசம், பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் போதும் என்று தீர்வி நிறுத்திவிடும். ஆனால் அது பார்ப்பது பெரும்பாலும் முன்சீராக்கிய மீதியை. உண்மையான மீதி அதைவிடப் பெரிதாக இருக்கலாம். எங்கள் குடாநாட்டில் நீர்மட்டம் கடலுக்கு மேலே மிகச் சிறிய உயரத்தில்தான் நிற்கிறது. கணித்த மட்டத்தில் 10 சென்ரிமீற்றர் பிழை இருந்தால், உவர்நீர் எல்லையில் அது 4 மீற்றர் பிழையாகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதை அறிவீர்கள். அத்தகைய மாசு எந்தப் பக்கம் நகரும் என்பதை மட்டத்தின் மிகச் சிறிய சரிவே முடிவு செய்கிறது. அந்தச் சரிவில் தவறினால் எந்த ஊர்க் கிணற்றை எச்சரிப்பது என்பதிலேயே தவறுவோம். ஆகவே தீர்வியின் சொல்லோடு நின்றுவிடாமல், நீர்க்கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: மழையாக இறங்கியது, இறைத்தது, கடலுக்குப் போனது, சேமிப்பில் நின்றது. அந்த நான்கும் சரிவராத தீர்வை எவருக்கும் காட்ட வேண்டாம்.

இருபது ஆண்டுகளை மாதம் மாதமாகக் கணித்தால் 240 தடவை தீர்க்க வேண்டும். கல்லின் இயல்பு மாறாதவரை, பெருங்கட்டங்களை முதல் மாதத்தில் ஒருமுறை அமைத்து மிச்ச மாதங்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்; அமைப்பதற்கான செலவு பெரிதும் மிச்சமாகும். தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு என் யோசனை: நேராகக் குடாநாட்டுக்குப் போகாதீர்கள். வட்டமான ஒரு தீவில் எங்கும் ஒரே அளவு மழை இறங்கினால் நன்னீர் வில்லை எப்படி இருக்கும் என்பதற்குக் கையால் எழுதக்கூடிய தீர்வு உண்டு. அதை முதலில் கணினியில் எடுத்துப் பாருங்கள். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். சுற்றுகளின் எண்ணிக்கை மாறாமல் நின்றால், அடுத்து 3 மீற்றர் அடுக்குகளைச் சேருங்கள், அதன் பின் குகைகளை. எந்தப் படியில் எண்ணிக்கை ஏறுகிறதோ, அந்தப் படியில் சேர்த்த நிரைகளை அச்சிட்டு, ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் சமச்சீரையும் சரிபாருங்கள்.